நீலத் தாளில் ஸ்பிட்ஃபயர்: விமான வரைபட அச்சுகள் குறித்து ஒரு மதிப்பீடு

உலகெங்கும் உள்ள விமான ஆர்வலர்களுக்கு இணையவழி விற்கப்படும் புளூபிரிண்ட் அச்சு, பெரும்பாலும் உருளைப் பெட்டியில் சுருட்டி அனுப்பப்படும் ஏ1 தாளாக, அதாவது 594க்கு 841 மில்லிமீட்டர் அளவுள்ள தாளாக இருக்கும். அதன் அடர்நீலப் பின்புலத்தில் விமானத்தின் மேற்பார்வையும் பக்கப்பார்வையும் முன்பார்வையும் வெண்கோடுகளால் வரையப்பட்டிருக்க, வலப்புறக் கீழ் மூலையில் பெயர், அளவுவிகிதம், திருத்த எண் ஆகியவற்றைத் தாங்கிய தலைப்புக் கட்டம் அமைந்திருக்கும். சுவரில் மாட்டும் படம் என்ற அளவில் இவற்றைக் குறை சொல்ல இடமில்லை. பொறியியல் வரைபடம் என்று சொல்லி விற்கப்படும்போதோ, அளவுகோலும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கொண்டு அவற்றைச் சோதிப்பதே முறை; இந்த அச்சுகளில் அடிக்கடி இடம்பெறும் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் அத்தகைய சோதனைக்கு மிகவும் ஏற்றது.

அக்கால ஆலைகளில் இந்த நீலம் வேதிவினையால் உண்டானது. ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த சயனோடைப் முறையில், ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஆகிய உப்புகளின் கரைசல் பூசிய தாளின்மீது, ஒளி ஊடுருவும் தாளில் மையால் வரைந்த மூலப்படம் வைக்கப்பட்டு ஒளியில் காட்டப்படும். ஒளி பட்ட இடம் பிரஷ்ய நீலமாக மாற, கோடுகள் மறைத்த இடத்தில் மாறாமல் தங்கிய உப்பு நீரில் அலசும்போது கரைந்துபோக, வெறும் தாளே வெண்கோடாக நிற்கும். இன்று விற்கப்படும் அச்சில் இந்த வேதியியல் எதுவும் இல்லை. இங்க்ஜெட் எந்திரம் தாள் முழுவதும் நீல மையைத் தூவிக் கோடுகளுக்கு மட்டும் இடம் விட்டுச் செல்வதால், மை ஓரங்களில் சற்றே பரவி மெல்லிய கோடுகளை விழுங்கிவிடுகிறது. மேற்பூச்சு இல்லாத தாளில் முதலில் மறைவன ரிவெட் வரிசைகளும் தகடுகள் சேரும் கோடுகளுமே. நுண்துகள்களால் ஆன நிறமி மையைக் கொண்டு, மேற்பூச்சிட்ட பளபளப்பற்ற தாளில் அச்சிட்டவை ஒப்பீட்டளவில் தெளிவாக இருப்பதுடன், கரைந்து ஊறும் சாய மையைவிட ஒளியையும் நெடுநாள் தாங்குகின்றன. ஆயினும் சுருட்டி அனுப்புவதால் விழும் சிறு மடிப்புகூட இத்தனை அடர்ந்த நீலத்தில் கண்ணை உறுத்தும் என்பதால், உருளையின் கனம் தாளின் தரத்துக்கு எவ்விதத்திலும் குறைந்த விஷயம் அன்று.

அடுத்து அளவுவிகிதம். ஸ்பிட்ஃபயரின் தொடக்ககால வகைகளின் சிறகு நீட்டம் 11.23 மீட்டர், எனவே தலைப்புக் கட்டம் 1:16 என்று கூறுமானால், ஒரு சிறகு முனையிலிருந்து மறுமுனைவரை 702 மில்லிமீட்டர் இருந்தாக வேண்டும். அதே கோப்பை ஏ2 தாளுக்குச் சுருக்கி விற்கும்போது நீட்டம் சுமார் 496 மில்லிமீட்டராகக் குறைந்து விகிதம் 1:22.6 என்றாகிவிட, கட்டத்தில் அச்சான எண் மட்டும் 1:16 என்றே நின்றால், அந்த எண் வெறும் அலங்காரம். ஏ3இல் விகிதம் 1:32 ஆகி, மாதிரி விமானம் செய்வோர் விரும்பும் அளவோடு பொருந்துவது தற்செயலான நன்மை. அமெரிக்க வழக்கப்படி 24க்கு 36 அங்குலத்தில் அச்சிட்டவை ஏ1 சட்டத்துள் அடங்குவதில்லை என்பதையும் வாங்குவோர் முன்னரே கருத வேண்டும்.

கோடுகளின் உண்மையே இவை அனைத்தினும் முதன்மையானது. ஆர். ஜே. மிட்செல் தலைமையில் சூப்பர்மரீன் நிறுவனத்தில் உருவாகி, 1936 மார்ச் 5 அன்று முதன்முதலில் பறந்த இவ்விமானம் 20,000க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில், பல வகைகளாகக் கட்டப்பட்டது. ஆதலால் எந்த வகை என்று குறிப்பிடாத படத்தை நம்புவதற்கில்லை. ஐந்தாம் வகையில் வலச் சிறகின் அடியில் பெட்டி போன்ற ரேடியேட்டரும் இடச் சிறகின் அடியில் அதைவிட ஒடுங்கிய எண்ணெய்க் குளிர்விப்பானும் இருக்க, ஒன்பதாம் வகையிலோ இருபுறமும் ஒத்த பெட்டிகளும் நான்கு அலகு கொண்ட சுழலியும் அமைந்தன. முன்பார்வையில் இருபுறப் பெட்டிகளையும் சமமாக வரைந்து, மூன்று அலகுச் சுழலியைப் பொருத்தி, ஐந்தாம் வகை என்று எழுதும் அச்சை, ஒரு பாதியை வரைந்து மறுபாதியைக் கணினியில் பிரதிபலித்ததன் விளைவு என்று கொள்ளலாம். நீள்வட்டச் சிறகிலும் இத்தகைய சோம்பல் வெளிப்படும்: ஸ்பார் எனப்படும் முதன்மைத் தாங்குசட்டம் நேராகச் செல்லும் பொருட்டு அந்த நீள்வட்டம் முன்புறம் தட்டையாகவும் பின்புறம் மிகுந்த வளைவாகவும் திரிக்கப்பட்டிருக்க, மறுவரைவு செய்வோர் சிலர் முன்னும் பின்னும் ஒத்த வளைவாக அதை வரைந்துவிடுகின்றனர்.

காப்புரிமைப் படங்களை நீலத்தில் தோய்த்து புளூபிரிண்ட் என விற்பது வேறொரு வணிகம். ரைட் சகோதரர்கள் 1903 மார்ச்சில் விண்ணப்பித்து 1906 மே 22 அன்று பெற்ற 821,393ஆம் எண் அமெரிக்கக் காப்புரிமை இவ்வகையில் மிகவும் பரவியது. சிறகை முறுக்கியும் சுக்கானைத் திருப்பியும் சமநிலை காக்கும் முறைக்கே அது பெறப்பட்டமையால், அதன் படத்தில் இருப்பது எஞ்சினும் சுழலியும் அற்ற மிதவை விமானமே. 1903 டிசம்பர் 17 அன்று பறந்த எந்திர விமானத்தின் கட்டுமான வரைபடம் என எண்ணி அதை வாங்குவோர் ஏமாறுகின்றனர்.

உண்மையான ஆலை வரைபடத்தை நாடுவோர் காப்பகப் படிகளையே தேட வேண்டும். மூன்று தோற்றங்கள் கொண்ட பொது அமைப்புப் படத்தைக் கொண்டு எந்த ஆலையும் விமானம் கட்டியதில்லை. ஒவ்வொரு தகட்டுக்கும் தாங்கிக்கும் தனித்தனிப் படம் இருந்தது. பிற்காலத்தில் மைக்ரோஃபிலிம் எனும் நுண்படச் சுருளுக்கு மாற்றப்பட்ட இத்தகைய தாள்கள் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்திலும் லண்டன் ஹெண்டனிலுள்ள ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்திலும் பாதுகாக்கப்படுகின்றன. நுண்படத்திலிருந்து எடுத்த அச்சில் கீறலும் கறையும் இருக்கும், நீலம் இருக்காது, விமானத்தின் முழு உருவமும் தென்படாது; ஆயினும் வரைந்தவரின் கையெழுத்தும், பொருள் குறிப்பும், தாங்கத்தக்க அளவு வேறுபாடும், ஒன்றன்பின் ஒன்றாக அடித்துத் திருத்திய தேதிகளும் அதில் உள்ளன. அக்கீறல்களைத் துடைத்து மெருகேற்றாமல் தரும் விற்பனையாளரே மேலானவர். பழைய விமானங்களை மீட்டுப் பறக்கவைக்கும் பட்டறைகள் புதிய பாகம் வெட்டுவதற்கு நாடுவதும் இத்தகைய படிகளையே என்பதால், வாங்குவோர் படத்தின் எண்ணையும் அது பெறப்பட்ட காப்பகத்தின் பெயரையும் கேட்டறிந்த பிறகே பணம் செலுத்துவது நல்லது.