வண்டி மிஞ்சியது, தெரு போனது

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரில் பார்கேட் என்றொரு இடைக்கால நகரவாயில் உண்டு. அதன் வளைவுக்குள் புகுந்து போக வேண்டியிருந்ததால் அந்த ஊரின் மாடி டிராம்களைக் குள்ளமாகக் கட்டினார்கள். மேல்தளத்துக்குக் கூரை கிடையாது. நடுவில் நீளவாக்கில் போட்ட பெஞ்சில் பயணிகள் முதுகோடு முதுகு சேர்த்து உட்கார்ந்தார்கள். 1903இல் கட்டிய அப்படியொரு வண்டியை, எண் 45, டிராம் ஆர்வலர்கள் 1948இல் பத்து பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். அடுத்த ஆண்டே அவ்வூரில் டிராம் நின்றுபோனது. இன்று அந்த வண்டியின் வீடு டெர்பிஷயரின் கிரிச் கிராமத்தில், பழைய சுண்ணாம்புக்கல் குவாரியில் அமைந்த டிராம் அருங்காட்சியகம். அங்கே நுழைந்து போக பார்கேட் இல்லை. காரணம் சவுத்தாம்ப்டனில் தங்கிவிட்டது. காரியம் மட்டும் கிரிச்சுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

தன்னார்வலர்களின் டிராம் மீட்புப் பணியை நான் எடைபோடுவது இந்த இடைவெளியை வைத்துத்தான். ஆனால் அவர்கள் செய்திருப்பது சின்னக் காரியமல்ல. லண்டன் 1952இல் டிராமைக் கைவிட்டது, சென்னை 1953இல், ஷெஃபீல்டு 1960இல், கிளாஸ்கோ 1962இல். பெரும்பாலான நகராட்சிகளுக்கு அந்த வண்டிகள் பழைய இரும்பு, விறகு. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 1939இலேயே இளைஞர்கள் சிலர் 150 டாலருக்கு ஒரு திறந்த டிராமை வாங்கி நிறுத்தினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் கென்னபங்க்போர்ட்டின் சீஷோர் அருங்காட்சியகம். பிரிட்டிஷ் ஆர்வலர்கள் 1955இல் சங்கம் அமைத்து, 1959இல் கிரிச் குவாரியைப் பிடித்தார்கள். அங்கே 1963இல் டிராமைக் குதிரை இழுத்தது, 1964இல் மின்சாரம் இழுத்தது. அரசுத் திட்டம் எதற்கும் காத்திராமல் நடந்த வேலை இது.

வண்டியைக் காப்பாற்றியதைவிட வேலையைக் காப்பாற்றியது பெரிது என்பேன். நூறு வயது மோட்டாருக்குக் காயில் கட்ட வேண்டும். தேய்ந்த சக்கரத்தைக் கடைசலில் ஏற்ற வேண்டும். கண்ட்ரோலரின் செம்பு முனைகளைத் தீப்பொறி தாவாதபடி உரசிச் சீராக்க வேண்டும். மரச் சட்டகத்தில் எது உளுத்தது, எது இன்னும் தாங்கும் என்று தட்டிப் பார்த்தே சொல்லும் காது வேண்டும். புத்தகத்தில் படித்தால் இதில் பாதிகூட வராது. பக்கத்தில் நின்று பழகினால்தான் உண்டு. கிரிச் பணிமனையில் இன்று சம்பளம் வாங்கும் தொழில்நுட்பர்கள் இருக்கிறார்கள் என்பதை இதற்கு எதிராகச் சொல்லமாட்டேன். ஆர்வம் மட்டும் பிரேக் பிடிக்காது. வண்டியோட்டுவதும் டிக்கெட் கிழிப்பதும் இன்னும் தன்னார்வலர்கள்தான். வருகிறவர்கள் கையில் பழைய பென்னி ஒன்றைக் கொடுத்து, அதையே கட்டணமாக வாங்கிக்கொள்கிறார்கள். நல்ல விளையாட்டு.

விளையாட்டு என்ற இடத்தில்தான் சங்கடமும் தொடங்குகிறது. எந்த ஆண்டின் வண்டியை மீட்கிறோம்? ஐம்பது வருடம் ஓடிய டிராம் ஐந்தாறு முறை நிறம் மாறியிருக்கும், திறந்த மேல்தளம் மூடப்பட்டிருக்கும், இருக்கை மாறியிருக்கும். அதில் ஒரு கோலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றவை சுரண்டி எடுக்கப்படுகின்றன. பெரும்பாலும் வெல்வது முதல் நாளின் பளபளப்பு. ஷெஃபீல்டின் 510ஆம் வண்டி நேர்மாறான விசித்திரம். 1950இல் கட்டி, பத்தே வருடம் ஓடிய அந்த வண்டி, 1960 அக்டோபரில் நகரம் டிராமுக்கு விடைகொடுத்த நாளன்று தீட்டிய படங்களோடும் வாசகங்களோடும் கிரிச்சில் இருக்கிறது. அதன் சாதாரண வேலைநாள் எப்படி இருந்தது என்று அந்த அலங்காரம் சொல்லாது.

இன்னொன்று, 'அசல்' எவ்வளவு என்ற கேள்வி. டிராம் நின்ற பிறகு வெறும் பாடிகள் தோட்ட அறையாகவும் கோழிக்கொட்டிலாகவும் விற்கப்பட்டன. மான்செஸ்டரின் 765ஆம் வண்டி அப்படியொரு கொட்டிலாகக் கிடந்து மீண்டது. இப்படிக் கிடைக்கும் பாடிக்கு அடியில் சக்கரச் சட்டம் இருக்காது. வேறு ஊரிலிருந்து, சில சமயம் வேறு நாட்டிலிருந்து வரவேண்டும். உளுத்த மரத்தை மாற்றி முடிக்கும்போது பழைய பலகை எவ்வளவு மிஞ்சும்? இதைப் போலி என்று தள்ள நான் தயாரில்லை. ஓடும் வண்டி நிற்கும் வண்டியைவிடப் பேசும். ஆனால் எது பழையது, எது புதியது என்று பார்வையாளர் கண்ணுக்குத் தெரிய எழுதிவைப்பது குறைந்தபட்சக் கடமை.

அளவு மறந்த ஆசையும் ஒரு குறை. சீஷோரில் 250க்கு மேற்பட்ட வண்டிகள் சேர்ந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் கூரை கட்டவே முடியாதபோது, ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கான மணிநேர உழைப்பு எங்கிருந்து வரும்? உடைப்பவனிடமிருந்து காப்பாற்றி மழைக்குக் கொடுத்தால் அதைக் காப்பாற்றியதாகச் சொல்ல முடியாது. சேகரிப்பாளருக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வருவதில்லை. சங்கங்களின் பெரிய பலவீனம் அது.

தெருவுக்கு வருவோம். மான்செஸ்டரின் ஹீட்டன் பூங்காவில் பழைய கிளைத்தடம் ஒன்று தாருக்கு அடியில் புதைந்து கிடந்தது. ஆர்வலர்கள் அதைத் தோண்டியெடுத்து, 1980 முதல் அதன்மேல் டிராம் ஓட்டுகிறார்கள். தூரம் சொற்பம்தான். ஆனால் மான்செஸ்டர் வண்டி மான்செஸ்டர் தண்டவாளத்தில் ஓடுகிறது. கிரிச்சால் எவ்வளவு பணம் செலவழித்தும் இதைத் தர முடியாது.

சான்பிரான்சிஸ்கோ இன்னும் துணிந்தது. 1982இல் கேபிள் கார்களைச் சீரமைப்புக்காக நிறுத்தியபோது, சுற்றுலாப் பயணிகளுக்கு ஈடாக 1983இல் பழைய டிராம் விழா நடத்தினார்கள். அது பிடித்துப்போய், 1995இல் மார்க்கெட் தெருவில் எஃப் வழித்தடமாக நிலைத்தது. வண்டிகளும் ஓட்டுவதும் நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் பொறுப்பு; வாதாடுவதும் நிதி திரட்டுவதும் வரலாற்றைக் காப்பதும் மார்க்கெட் ஸ்ட்ரீட் ரயில்வே என்ற தன்னார்வ அமைப்பின் வேலை. வேலைக்குப் போகிறவரும் வழக்கமான கட்டணத்தில் ஏறலாம். தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள்: பிலடெல்பியாவில் ஓடிய வண்டிகளுக்கு வேறு வேறு நகரங்களின் வண்ணம் பூசியிருக்கிறார்கள், 1928ஆம் ஆண்டு மிலான் வண்டிகளும் அதே தெருவில் ஓடுகின்றன. வேஷம்தான். ஆனாலும் ஆணி ஆணியாக அசலைக் காத்து அடைத்துவைத்ததைவிட, வேஷம் போட்டாவது பயணியை ஏற்றும் இந்த வண்டியையே நான் தேர்ந்தெடுப்பேன். டிராம் ஆட்களை ஏற்றுவதற்காகக் கட்டியது.

இந்த அளவுகோல் கொல்கத்தாவில்தான் நிஜமாகச் சோதிக்கப்படுகிறது. 1873இல் குதிரையோடு தொடங்கி, 1902 முதல் மின்சாரத்தில் ஓடும் டிராம் அங்கே உண்டு. எஸ்பிளனேடு–மைதானம் இடையே பாரம்பரியத் தடம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக மாநில அரசு 2024 செப்டம்பரில் அறிவித்தது. கிரிச் பாணி மீட்பின் மொழியை அரசே கையிலெடுத்துக்கொண்ட தருணம் அது: அழகான வண்டி ஒன்று இருக்கும், போக்குவரத்து இருக்காது. கல்கத்தா டிராம் பயனாளர் சங்கம் இதை ஏற்கவில்லை. அவர்கள் கேட்பது வழித்தடங்கள், பணிமனைகள், ஒழுங்கான நேர இடைவெளியில் வண்டி. இந்தப் போராட்டத்துக்கு வாரக்கடைசியில் கடைசல் பிடிக்கும் கை மட்டும் போதாது. நீதிமன்றப் படியேறும் பொறுமையும் கோப்புகளைப் படிக்கும் கண்ணும் வேண்டும். கிரிச்சின் தொழில்திறன் கொல்கத்தாவுக்குத் தேவைப்படும் நாளும் வரலாம். பல தெருக்களில் தண்டவாளத்தின் மேல் ஏற்கெனவே தார் போட்டாகிவிட்டது. மிச்சமிருக்கும் தெருக்களில் அது விழாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது அங்கே முதல் வேலை.