லிப்டனின் வளைகண்ணாடி

வணிகம் பொருளை விற்கும். விளம்பரமோ பெயரை நிலைநாட்டும். இதற்குத் தோமஸ் லிப்டன் தக்க சான்றாவார். 1871இல் கிளாஸ்கோவில் மளிகைக்கடை திறந்த அவர், பின்னர்க் கடைமுன் வளைகண்ணாடிகளை நிறுத்தினார். கடைக்குச் செல்வோர் ஒன்றில் மெலிந்தும், மீள்வோர் மற்றொன்றில் பருத்தும் தோன்றினர். கண்டு நகைத்தோர் மனத்திற் கடையின் பெயர் பதிந்தது.

1890இல் பதுளை மாவட்டத்து அப்புத்தளையை அடுத்த தம்பேதன்னைத் தோட்டத்தை அவர் வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப்பாத்திரத்திற்கு என்பது அவர்தம் விளம்பர வாசகமாயிற்று. சொற்செட்டு மிக்க வாசகமே. ஆயின், கொழுந்து கொய்த தமிழ்ப் பெண்ணின் கைக்கு அந்த ‘நேரே’ என்னுஞ் சொல் இடமளித்திலது. கூடை சுமந்த அவளுருவை விளம்பரப் படங்கள் அழகுறக் காட்டின. அவள் கூலியையும் லயத்து வாழ்வையும் காட்டில.

கண்ணாடி உருவைத் திரித்தமையை யாவரும் அறிந்தே நகைத்தனர். படம் திரித்தமையைப் பலர் உணர்ந்திலர். முன்னது விளையாட்டு; பின்னது மறைப்பு. இவ்வேறுபாட்டை உணர்த்துதலே திறனாய்வின் கடனாகும்.