காயம் யாருடையது?

குற்றத் தொடரோ படமோ வெளிவந்தால் இப்போது முதலில் காதில் விழும் பாராட்டு ஒன்றுதான்: "ஹீரோ உள்ளுக்குள் நொறுங்கிப்போன மனுஷன்." அவனுக்குத் தூக்கம் வராது. மேஜையில் பாதி காலியான பாட்டில், சுவரில் இறந்துபோன ஒருத்தியின் படம். அதிகாலையில் போன் அடிக்கும். எங்கோ புதர் ஓரத்தில் ஒரு பெண்ணின் பிணம். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவான். சில மாதங்களுக்கு முன் பாலக்காட்டில் சினிமா பேசக் கூடியிருந்தோம். காயம் இல்லாத துப்பறிவாளன் வெறும் இயந்திரம், காயம்தான் அவனை மனிதனாக்குகிறது என்றார் ஒரு நண்பர். கைதட்டல் பலமாக இருந்தது. எனக்குக் கைதட்ட மனம் வரவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

நண்பர் சொன்னதில் நியாயம் உண்டு. தமிழ்வாணனின் சங்கர்லாலும் ராஜேஷ்குமாரின் விவேக்கும் எத்தனை கொலையைப் பார்த்தாலும் மறுநாள் புத்தம்புதிதாக எழுந்து வந்தார்கள். கோவை பஸ் ஸ்டாண்டில் க்ரைம் நாவல் வாங்கி, பஸ் வாளையார் வந்து சேர்வதற்குள் முடித்த தலைமுறை எங்களுடையது. அந்த வேகத்தில் சாவின் பாரம் எங்களுக்கு உறைத்ததே இல்லை. அந்தப் பாரத்தைச் சுமக்கிற மனிதனைத் திரைக்குக் கொண்டுவந்தது முன்னேற்றம்தான். 'யுத்தம் செய்' படத்தில் காணாமல்போன தங்கையைத் தேடும் சேரனின் முகமும், 'வதந்தி' தொடரில் வழக்கே கதியென்று கிடக்கும் எஸ்.ஜே.சூர்யாவின் தவிப்பும் நல்ல நடிப்புக்குச் சான்று. இதையெல்லாம் மறுக்கவில்லை.

என் கேள்வி வேறு. அந்தக் காயம் எங்கிருந்து வருகிறது?

ஒற்றப்பாலத்தில் பிறந்த கௌதம் வாசுதேவ் மேனனையே எடுத்துக்கொள்வோம். 'காக்க காக்க' (2003) படத்தில் அன்புச்செல்வனின் மாயா சாகிறாள். 'வேட்டையாடு விளையாடு' (2006) படத்தில் ராகவனின் கயல்விழி சாகிறாள். 'என்னை அறிந்தால்' (2015) படத்தில் சத்யதேவ் மணக்கவிருந்த ஹேமானிகா சாகிறாள். மூன்று படம், மூன்று சாவு. மூன்றும் நாயகனின் கண்ணில் ஒரு நிழலைப் பூசுவதற்காக நடப்பவை. 'வேட்டையாடு விளையாடு' தொடங்கும்போது ராணி என்ற பெண்ணின் வெட்டுண்ட விரல் வீட்டு வாசலில் தொங்குகிறது. அந்த விரலைப் பார்த்தவர் யாரும் மறக்க மாட்டார். ராணி என்ன படித்தாள், எதற்குச் சிரிப்பாள், யாரோடு சண்டை போடுவாள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார். விரல் நினைவிருக்கிறது. விரலுக்கு உரியவள் நினைவில் இல்லை.

'ராட்சசன்' (2018) இன்னும் துலக்கமான உதாரணம். பள்ளிச் சிறுமிகள் ஒவ்வொருவராகக் கடத்தப்படுகிறார்கள். பரிசுப் பெட்டியில் சிதைந்த பொம்மைத் தலை வருகிறது. நாயகனின் அக்கா மகள் அம்மு கொல்லப்படும்போதுதான் படம் நின்று அழுகிறது. அவளுக்கு முன்னால் செத்த குழந்தைகளுக்கும் வீடு இருந்தது, அம்மா இருந்தாள். அவர்கள் நாயகனின் சொந்தம் இல்லை, ஆகவே நமக்கும் சொந்தம் இல்லாமல் போனார்கள்.

தனியார் துப்பறிவாளன் கதையில் இந்தக் கோளாறு முற்றிவிடுகிறது. மிஷ்கினின் 'துப்பறிவாளன்' (2017) அருமையாகத் தொடங்குகிறது. தன் நாயைக் கொன்றது யார் என்று கேட்டு ஒரு சிறுவன் சேமிப்புக் காசோடு வந்து நிற்கிறான், கணியன் பூங்குன்றன் அந்த வழக்கை எடுத்துக்கொள்கிறான். வேறு யாரும் காது கொடுக்காத புகாரை ஒருவன் மதிக்கிறான். படத்தின் மிக உயர்ந்த இடம் அதுதான். அதற்கு அப்புறம் கணியனின் கோபம், கணியனின் மேதைமை, கணியனின் தனிமை என்று படம் அவனைச் சுற்றியே வருகிறது. பிக்பாக்கெட் அடித்துப் பிழைத்த மல்லிகா அவன் வீட்டைப் பெருக்குகிறாள், திட்டு வாங்குகிறாள், கடைசியில் சாகிறாள். அந்தச் சாவும் அவன் அழுவதற்கே பயன்படுகிறது.

நிஜத்தில் நம் நாட்டின் தனியார் துப்பறிவாளருக்குக் கைது செய்யும் அதிகாரம் இல்லை, வீடு புகுந்து சோதிக்கும் அதிகாரமும் இல்லை. அவர்களை முறைப்படுத்த 2007இல் மாநிலங்களவைக்கு வந்த மசோதா சட்டமாகவே ஆகவில்லை. பெரும்பாலும் கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துச் சொல்லும் தொழில் அது. அந்த மனிதனைத் திரை நீதிதேவன் ஆக்குகிறது. உள்ளே உடைந்த ஒரு மேதை வந்தால்தான் நியாயம் கிடைக்கும் என்று நம்மை நம்ப வைக்கிறது. எனக்குப் பொறுக்காதது இந்த நம்பிக்கைதான்.

நான் வாளையார்க்காரன். 2017 ஜனவரி 13 அன்று எங்கள் ஊரில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டில் தூக்கில் தொங்கிய நிலையில் கிடைத்தாள். அவள் பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கக்கூடும் என்று பிரேதப் பரிசோதனை சுட்டியது. அந்தத் தாள் கிடந்தது, அதைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியவர்கள் ஓடவில்லை. மார்ச் 4 அன்று அவளுடைய 9 வயதுத் தங்கையும் அதே வீட்டில், அதே விதமாகக் கிடைத்தாள். இடையில் 50 நாள். 2019இல் பாலக்காடு போக்சோ நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை ஆதாரம் போதவில்லை என்று விடுவித்தது. 2021 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது, முதல் விசாரணையில் நேர்ந்த குறைகளையும் எடுத்துச் சொன்னது. பிறகு வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

அந்த 50 நாளில் எங்களுக்கு எந்த மேதையும் தேவைப்படவில்லை. வந்த அறிக்கையை அன்றே படிக்க ஒருவர், தங்கையிடம் பக்கத்தில் உட்கார்ந்து பதறாமல் பேச ஒருவர், வாக்குமூலத்தை ஒழுங்காக எழுத ஒருவர். மாதச் சம்பளம் வாங்கும் மூன்று பேர் செய்யக்கூடிய வேலை அது. அவர்கள் நொறுங்கியவர்களாக இருந்தார்களா, நிம்மதியாகத் தூங்கினார்களா என்பது அந்தக் குழந்தைக்கு ஒரு பொருட்டே இல்லை.

அந்த மாதிரி வேலையை எடுத்தால் யார் பார்ப்பார்கள், சலிப்பு தட்டும் என்பார்கள். இதற்கு மலையாளமே பதில் சொல்லியிருக்கிறது. கே.மது இயக்கி எஸ்.என்.சுவாமி எழுதிய 'ஒரு சி.பி.ஐ. டைரிக்குறிப்பு' 1988இல் வந்தது. ஓமனா மேலிருந்து விழுந்து இறக்கிறாள், தற்கொலை என்று போலீஸ் கோப்பை மூடுகிறது. மம்மூட்டியின் சேதுராம ஐயர் வருகிறார். நெற்றியில் குங்குமம், பின்னால் கட்டிய கை. குடி இல்லை, பழைய துயரம் இல்லை. அவர் மாடிக்கு ஆளை ஏற்றி ஒரு பொம்மையைக் கீழே போடச் சொல்கிறார். அது எங்கே விழுகிறது, ஓமனா எங்கே கிடந்தாள் என்று அளக்கிறார். அவ்வளவுதான் காட்சி. முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்தப் பொம்மையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஐயருக்குச் சொந்தக் காயம் இல்லாததால் திரை முழுக்க ஓமனாவின் சாவுக்கு இடம் கிடைத்தது. அதே மம்மூட்டி 2025இல் கௌதம் மேனன் இயக்கத்தில் போலீஸ் வேலையை இழந்து, வாடகை பாக்கியோடு தவிக்கும் தனியார் துப்பறிவாளர் டொமினிக்காக நடித்தார். இந்த இடைவெளியில் நம் ரசனை யார் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

'யுத்தம் செய்' ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது? அதில் சேரன் நடித்த ஜே.கே.யின் துக்கத்தைவிட, மகளுக்கு நேர்ந்ததைத் தாங்காத ஒரு தாய் தகப்பனின் துக்கம் பெரிது. 'வதந்தி' ஏன் நிற்கிறது? செத்துப்போன வெலோனியைப் பற்றி ஊர் கட்டிவிட்ட கதைகளைப் பிரித்துப் பிரித்து, அவள் யார் என்று அது தேடுகிறது. காயம்பட்ட நாயகன் இருந்தும் அவை பிழைத்தன. அவனைக் கொஞ்சம் தள்ளி நிற்க வைத்ததால் பிழைத்தன.

திரைக்கதை எழுதும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அடுத்த துப்பறிவாளனுக்குப் பாட்டிலும் பழைய போட்டோவும் தேடுவதற்கு முன்னால், செத்தவளின் பள்ளிக்கூடப் பையைத் திறந்து பாருங்கள். அவள் பேசிய பேச்சை எழுதுங்கள். மூத்தவள் செத்ததற்கும் இளையவள் செத்ததற்கும் நடுவே இருந்த அந்த 50 நாளை எழுதுங்கள். இளையவள் அந்த 50 நாளும் உயிரோடு இருந்தாள்.