கன்னித் தீவும் கண்டிச் சீமையும்

கடல் பொங்குகிறது, கப்பல் ஆடுகிறது, காதல் பாடுகிறது! 1965 சூலையில் வெளிவந்து, 2014-இல் மெருகேற்றப்பட்டு மீண்டும் திரைக்கு வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தையே சொல்கிறோம். பந்துலுவின் இயக்கம், விசுவநாதன்–இராமமூர்த்தியின் இசை, கார்வார்க் கடலின் எழில், நாகேசின் நகைச்சுவை. வானம் பார்த்த பூமியாம் திருச்சுழியில் வாழும் நமக்கு அது கண்கொள்ளாக் காட்சி.

கிளர்ச்சிக்காரருக்கு மருந்திட்ட குற்றத்திற்காக மருத்துவன் மணிமாறன் கன்னித் தீவிலே அடிமையாகிறான். அடிமைத்தனத்தைக் கதைப் பொருளாக்கிய துணிவைப் பாராட்டுகிறோம். ‘ஏன்’ என்று கேட்கத் தூண்டும் வாலியின் பாடலையும் பாராட்டுகிறோம். அப்பாடல் தந்த உரிமையோடு படத்தையே கேட்கிறோம்: ஆயிரத்தில் ஒருவனைக் காட்டினீர்கள், மற்றத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் எங்கே?

அடிமைகள் பலர், ஆனால் இளவரசி பூங்கொடியின் காதல் ஒருவனுக்கே. அவள் நாணம் நம் நெஞ்சில் நிற்கிறது. அவர்கள் முதுகின் தழும்பு நிற்கவில்லை. ஒருவன் வீரத்தில் ஊரார் விடுதலை என்றால், ஊரார் செய்வதென்ன? கைதட்டுவதா?

தோழர்களே, தீவுக்குப் போன அடிமைகள் கதையில் மட்டுமா இருந்தனர்? இராமநாதபுரம் சீமையின் வறண்ட ஊர்களிலிருந்து, பஞ்சம் துரத்த, கங்காணி அழைக்க, கண்டிச் சீமைக்குக் கடல் கடந்தோர் எத்தனை பேர்! அங்கே ஏலம் இல்லை. ‘துண்டு’ என்னும் கடன் சீட்டு இருந்தது. அரண்மனை இல்லை, லயத்து அறை இருந்தது. காடு திருத்தினர், காப்பியும் தேயிலையும் வளர்த்தனர். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைக் குடியுரிமை அற்றோராக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாடு கையெழுத்தாயிற்று: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவதாம்! ஆட்களைக் கேளாமல் ஆட்களைப் பங்கிட்டனர். விடுபட்டோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் இலங்கையில் வர 2003 ஆயிற்று.

அந்த உடன்பாட்டுக்கு ஒன்பதாம் மாதம் திரைக்கு வந்தது கன்னித் தீவு. அதன் அடிமைகளுக்காகக் கண் கலங்கிய நாம், அதே வேளையில் பெட்டி படுக்கையோடு கடல் கடக்கவிருந்த நம்மவரை நினைத்தோமா?

பாட்டை வெறுக்கவில்லை நாம். மீண்டும் கேட்போம், மகிழ்வோம். ஆனால் கொட்டகை விளக்கு எரிந்ததும் மறந்துவிடும் விடுதலை, விடுதலை ஆகாது. அந்தத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரின் கதையை எழுதப்போவது யார்? இளைஞனே, உன் ஊரில் கண்டிக்குப் போய் வந்த குடும்பம் ஒன்று இருக்கக்கூடும். இன்றே போய்க் கேள்!