ஒரு மொழி, பல பொதிகள்: எழில் லினக்ஸுக்குள் நுழையும் வழி

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி நீளும் எங்கள் ஊர்களில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுக்கும் பிள்ளை, விளக்கத்தைத் தமிழில் கேட்கிறது. பாய்ச்சற் கோட்டுப்படத்தைத் தமிழில் வரைகிறது, பரீட்சைத் தாளையும் தமிழில்தான் எழுதுகிறது. செய்நிரல் எழுத உட்காரும்போது மட்டும் ஆங்கிலச் சொற்களுக்கு மாற வேண்டியிருக்கிறது. சாதாரண தரத்தில் நெடுங்காலமாகப் பாஸ்கல், உயர்தரத்தில் பைதன். தருக்கம் புரிந்த பிள்ளையும் சொல் புரியாமல் தடுமாறுவதை இப்பாடம் கற்பிக்கும் எந்த ஆசிரியரிடம் கேட்டாலும் சொல்வார். இந்த முதற்படிக்கு உதவக்கூடிய ஒரு தமிழ் நிரல்மொழி இருக்கிறது. அது நம் பாடசாலைக் கணினிகளுக்குள் எந்த வழியாக வந்து சேர்வது என்பதுதான் இன்னும் தீராத கேள்வி.

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழிலைச் சொல்கிறேன். 2007இல் தொடங்கிய முயற்சி அது. 2009இல் அதைப் பற்றிய ஆய்வுரை இணையத்தில் வெளியானது. என். சொக்கனுடன் சேர்ந்து முத்தையா எழுதிய பாடநூலும் உண்டு. பதிப்பி, ஆனால், இல்லை, வரை, நிரல்பாகம், பின்கொடு, முடி என அதன் கட்டளைகள் தமிழில் உள்ளன. நிபந்தனையை முதலில் எழுதி, ‘ஆனால்’ என்பதைப் பின்னால் வைப்பது தமிழ் வாக்கியம் நடக்கும் முறைக்கே பொருந்துகிறது. சொற்களை மட்டும் மாற்றாமல் வரிசையையும் யோசித்துச் செய்ததால் இம்மொழியை நான் மதிக்கிறேன். பைதனில் எழுதப்பட்ட இதன் மூலநிரல் ஜிபிஎல் உரிமத்தில் திறந்தே கிடக்கிறது. பைதனின் பொதுக் கிடங்கான பைப்பிஐ வழியாக ‘பிப்’ கட்டளையால் நிறுவலாம் என்பதே பல ஆண்டுகளாக அதன் முதன்மையான விநியோக வழி.

ஆனால் லினக்ஸ் என்பது ஒன்றல்ல, பல வழங்கல்கள். டெபியன், உபுண்டு, மின்ட் ஆகியவை டெப் என்னும் நிறுவல் பொதிகளை ஏற்கும். ஃபெடோராவும் ஓப்பன்சூசேயும் ஆர்பிஎம் பொதிகளை ஏற்கும். ஆர்ச், நிக்ஸ் போன்றவற்றுக்குத் தனித்தனி வழிகள். தமிழ் பேசும் நிலங்களிலும் இந்தப் பன்மையைக் காணலாம். தமிழ்நாட்டின் எல்காட் நிறுவனம் 2007ஐ ஒட்டிச் சூசே லினக்ஸுக்கு மாறியது. அதே காலத்தில் இந்திய அரசின் சிடாக் நிறுவனம் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் டெபியன் வழி வந்தது. இலங்கையில் உருவான ஹந்தான லினக்ஸ் ஃபெடோராவை அடித்தளமாகக் கொண்டது. ஆகவே எழில் போன்ற சிறுமொழியை விரும்புபவர்கள், எல்லா வழங்கல்களுக்கும் பொதி செய்து கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது இயல்பு. அந்த நினைப்பில் பாதி சரி. மீதிப் பாதி, உழைப்பவரின் ஆற்றலை வீணடிக்கக்கூடியது.

சரியான பாதியை முதலில் எடுத்துக்கொள்வோம். வழங்கலின் அதிகாரபூர்வக் களஞ்சியத்தில் ஒரு மொழி இடம்பிடித்தால், கையொப்பமிட்ட, சரிபார்க்கப்பட்ட, உரிமம் தெளிந்த பொருளாகப் பயனரை அடைகிறது. டெபியனில் ஒரு பொதியைச் சேர்க்க விரும்புபவர் முதலில் அந்த எண்ணத்தைப் பொதுவில் அறிவிக்க வேண்டும். உரிமையுள்ள உறுப்பினர் ஒருவர் அதைச் சோதித்துப் பொறுப்பேற்று ஏற்ற வேண்டும். பிறகு புதிய பொதிகளுக்கான வரிசையில் காத்திருக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு கோப்பின் பதிப்புரிமையும் பார்க்கப்படும். எழில் ஜிபிஎல் உரிமத்திலும், அது சார்ந்திருக்கும் ஓப்பன் தமிழ் நூலகம் எம்ஐடி உரிமத்திலும் இருப்பதால், இரண்டையும் தனித்தனிப் பொதிகளாக்க வேண்டும், நூலகம் முதலில் நுழைய வேண்டும். இது தொல்லை போலத் தோன்றும். ஆனால் சிறு திட்டங்களில் யாரும் கவனிக்காமல் விட்டுவிடும் உரிமக் குழப்பங்கள், எங்கிருந்தோ வந்து சேர்ந்த எழுத்துருக் கோப்புகள் எல்லாம் இங்கேதான் வெளிச்சத்துக்கு வருகின்றன. எழில் முழுக்கப் பைதனில் அமைந்ததால் இன்னொரு வசதியும் உண்டு. ஒரே டெப் பொதி, பழைய 32 பிட் கணினியிலும் புதிய மடிக்கணினியிலும் ராஸ்பெரி பையிலும் மாற்றமின்றி ஓடும்.

இவற்றை எல்லாம் விடப் பெரிய நன்மை தமிழுக்கே உரியது. ஆங்கிலச் சொற்களைக் கொண்ட ஒரு நிரல்மொழியை நிறுவினால் போதும், விசைப்பலகையும் எழுத்துருவும் ஏற்கனவே இருக்கும். தமிழ் நிரல்மொழிக்கு அந்த வசதி இல்லை. எங்கள் பகுதியில் பாமினி எழுத்துருவின் விசை அமைப்பில் பழகிய கைகள் ஏராளம். 2008இன் எஸ்எல்எஸ் 1326 தரநிலையோ ரெங்கநாதன் விசைப்பலகையைச் சார்ந்தது. தமிழ்நாட்டில் தமிழ்99 பரவலானது. எழிலை மட்டும் நிறுவிவிட்டு, தட்டச்சு வசதியைத் தேடிக்கொள் என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சொன்னால் அது முதல் நாளிலேயே கைவிட்டுவிடும். டெபியன் பொதியில் ‘பரிந்துரை’ என்றொரு புலம் இருக்கிறது. அதில் லோகித் தமிழ் எழுத்துருவையும், ஐபஸ் உள்ளீட்டு முறையையும், ரெங்கநாதன் அமைப்பை உள்ளடக்கிய எம்17என் தொகுப்பையும் எழுதிவிட்டால், பொதுவான அமைப்பில் எழிலை நிறுவும் ஒரே கட்டளை அவற்றையும் இழுத்து வந்துவிடும். ஆர்பிஎம் பொதிகளிலும் இதற்கு இணையான வசதி உண்டு. பிப் இதைச் செய்யாது. பைதன் உலகத்துக்கு வெளியே இருக்கும் எழுத்துருவையோ விசைப்பலகையையோ அது அறியாது. தமிழ் நிரல்மொழிக்கு வழங்கல் பொதி தேவை என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும் என்பது என் கணிப்பு.

இருந்தாலும் பொதி எல்லாவற்றையும் தீர்க்காது. லினக்ஸ் முனையம் ஒவ்வோர் எழுத்தையும் ஒரே அகலக் கட்டத்தில் அடைக்கும் பழக்கத்தில் வளர்ந்தது. தமிழின் கொம்பும் காலும் அந்தக் கட்டத்துக்கு அடங்குவதில்லை. பல முனையங்களில் ‘பின்கொடு’ என்ற கட்டளையே சிதைந்து தெரியும். பிள்ளை சரியாக எழுதியும் பிழை என்று நினைக்கும். எழில் குழு ஜிடிகே வரைகலை நூலகத்தைக் கொண்டு ‘எழுதி’ என்ற தொகுப்பியை உருவாக்கியதன் அருமை இங்கேதான் புரிகிறது. முனையத்தை விட்டு வெளியே வந்தால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. ஆகவே மொழியை மட்டும் பொதியாக்கி, தொகுப்பியைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைப்பது தவறான முடிவாகும்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. ‘கொ’ என்ற எழுத்தை யுனிகோடில் ககரத்துடன் ஒரே குறியாகச் சேர்த்தும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. ஒரு பிள்ளை ஒரு விசைப்பலகையில் ‘தொகை’ என்று மாறிக்குப் பெயர் வைத்து, தோழி வேறு உள்ளீட்டு முறையில் அதே பெயரைத் தட்டினால், அப்படி ஒரு மாறியே இல்லை என்று மொழி சொல்லக்கூடும். பைதன் 3 தன் அடையாளப் பெயர்களை ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுகிறது. தமிழ் நிரல்மொழி எதுவானாலும் இதைச் செய்தாக வேண்டும். ஒவ்வொரு வழங்கலிலும் இயல்பாக வரும் உள்ளீட்டு முறை வேறு என்பதால், பல வழங்கல்களுக்குப் பொதி செய்பவர்தான் இந்தப் பிழையை முதலில் சந்திப்பார். அவர் அதை மொழியின் ஆசிரியருக்குத் திருப்பி அனுப்பினால் மொழி வலுப்பெறும். பொதியாக்கத்தின் நன்மைகளில் பேசப்படாத ஒன்று இது. பொதி செய்பவர் மொழியின் மிகக் கண்டிப்பான வாசகராகிறார்.

இனிக் குறைகள். முதலாவது உழைப்பு. ஃபெடோரா ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பை வெளியிடுகிறது, ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாத ஆயுள். டெபியன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பும் அப்படியே. ஆர்ச்சில் பதிப்பு என்பதே இல்லை, நாள்தோறும் மாறும். ஒருவரே இந்த நாட்காட்டிகள் அத்தனையையும் பின்தொடர்ந்தால் மொழியை வளர்க்க நேரம் எஞ்சாது. எழில் நிற்கும் தளமான பைதனும் அசைந்துகொண்டே இருக்கிறது. பைதன் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1உடன் முடிந்தது. 2021இல் வந்த 3.10, 2023இல் வந்த 3.12 ஆகிய பதிப்புகள் பழைய வசதிகள் சிலவற்றை நீக்கின. 3.12இல் டிஸ்யூட்டில்ஸ் என்னும் பொதியாக்க நூலகம் போனதும், பழைய முறையில் எழுதிய நிறுவல் கோப்புகள் பல நின்றுபோயின. சிறு மொழியின் பொதி ஒன்று இரண்டு ஆண்டு கவனிப்பாரின்றிக் கிடந்தால் இப்படித்தான் முறியும். முறிந்த பொதியைக் களஞ்சியம் நீக்கிவிடும். நீக்கப்பட்டதைத் திரும்பச் சேர்ப்பது, முதல்முறை சேர்ப்பதைவிடச் சோர்வு தரும் வேலை.

பிப் போதுமே என்பவர்களுக்கும் பழைய தைரியம் இப்போது இல்லை. 2023இல் வெளிவந்த டெபியன் 12 முதல், முறைமையின் பைதனுக்குள் பிப் நேரடியாக எதையும் நிறுவுவது இயல்பிலேயே தடுக்கப்பட்டுள்ளது. மெய்நிகர்ச் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள்தான் நிறுவ வேண்டும். முறைமையைக் காக்க இது நல்ல முடிவு. ஆனால் முதல் செய்நிரலை எழுத வந்த பிள்ளைக்கு மெய்நிகர்ச் சூழலை விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? பழைய பயிற்சிக் குறிப்புகளில் உள்ள ஒற்றை வரிக் கட்டளை இன்று பிழைச்செய்தியைத்தான் தரும்.

களஞ்சியம் தரும் காவல் என்ற நன்மைக்கும் எல்லை உண்டு. ஆர்ச்சின் பயனர் களஞ்சியமான ஏயூஆரில் யாரும் பொதி ஏற்றலாம். 2025 ஜூலையில் அங்கே தீநிரல் கொண்ட பொதிகள் அகப்பட்டு நீக்கப்பட்டன. கண்டிப்பான களஞ்சியங்களும் தப்பவில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் சுருக்குக் கருவியில் புகுத்தப்பட்ட கள்ளவாசல், டெபியனின் நிலையற்ற கிளையையும் ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்புகளையும் எட்டிவிட்டது. நெடுங்காலமாகத் தனியாகச் சுமந்து களைத்த ஒரு பராமரிப்பாளரிடம் உதவிக்கு வருவதுபோல் வந்துதான் அந்த நுழைவு நிகழ்ந்தது. ஒற்றை ஆளை நம்பி நிற்கும் எந்தச் சிறு திட்டத்துக்கும் இது நேரடி எச்சரிக்கை.

ஆப்இமேஜ், ஃபிளாட்பேக், ஸ்னாப் ஆகிய பொது வடிவங்களை மாற்றாகச் சொல்வார்கள். ஃபிளாட்பேக் அடித்தள நூலகங்களுக்காகவே நூற்றுக்கணக்கான மெகாபைட்டுகளை இறக்கச் சொல்லும். கைபேசித் தரவை வைத்துச் சமாளிக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. ஆப்இமேஜ் ஒரே கோப்பு. பென் டிரைவில் போட்டு ஆய்வுகூடம் முழுக்கக் கொண்டுபோகலாம். இணையம் வலுவற்ற பாடசாலைக்கு இதைவிட எளிய வழி தெரியவில்லை. ஆனால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது, விசைப்பலகையைக் கொண்டுவராது, யார் செய்தது என்று களஞ்சியம் சோதித்ததாகவும் இருக்காது. வகுப்புக்கு ஏற்றது, ஒரு மொழியின் நிலையான இருப்புக்குப் போதாது.

கேரளத்தின் அனுபவம் இந்த விவாதத்தையே வேறு கோணத்தில் திருப்புகிறது. அங்கே 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டமும் அதன் தொடர்ச்சியான கைட் நிறுவனமும், அரசுப் பாடசாலைகளுக்கு உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ஒரே வழங்கலைத் தயாரித்துக் கொடுத்தன. பாடத்துக்கு வேண்டிய மென்பொருளும் மலையாள உள்ளீடும் எழுத்துருக்களும் அதற்குள்ளேயே இருந்தன. ஒரு வழங்கலைத் தேர்ந்து அதற்குப் பொறுப்பேற்க ஒரு நிறுவனம் இருந்ததால், பல வழங்கல்களுக்குப் பொதி செய்யும் பிரச்சினை பாடசாலை மட்டத்தில் எழவே இல்லை. இலங்கைக் கல்வி அமைச்சு அப்படியொரு முடிவை எடுக்கும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் பொறுப்பேற்கும் நிறுவனம் வேண்டும் என்ற பாடத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

இதற்கு நம்மிடமே ஒரு முன்னுதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடற்கோள் இலங்கையில் இந்தக் கரையைத்தான் மிகக் கொடூரமாக அறைந்தது. அந்த அழிவின் பின் இலங்கை மென்பொருளாளர்கள் எழுதிய சகானா பேரிடர் முகாமை மென்பொருளுக்கு 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது கிடைத்தது. முதலில் லங்கா மென்பொருள் அறக்கட்டளை அதைத் தாங்கியது. 2009இல் அதற்கெனத் தனி அறக்கட்டளையே அமைந்தது. எழுதியவர்கள் வேறு வேலைகளுக்குப் போன பிறகும் மென்பொருள் நிலைத்ததற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம்.

எல்லா வழங்கல்களுக்கும் எழில் குழுவே பொதி செய்வது தேவையற்றது, நீடிக்கவும் மாட்டாது என்பதே என் தீர்ப்பு. டெபியன் ஒன்றில் ஒழுங்காக நுழைந்தால் போதும். அங்கே இருப்பதை உபுண்டு எடுத்துக்கொள்ளும். உபுண்டுவிலிருந்து மின்டுக்கும், டெபியன் வழி வந்த பிற வழங்கல்களுக்கும் அது தானாகப் போகும். ஆர்பிஎம் பக்கத்தை ஃபெடோராவைப் பயன்படுத்தும் ஒருவர் விரும்பி ஏற்கும்வரை விட்டுவிடலாம். வகுப்பறைக்கு ஓர் ஆப்இமேஜ் கூடவே இருக்கட்டும். பராமரிப்பு எழுதியவரிடம் இருக்கக் கூடாது, பயன்படுத்துபவர்களின் பக்கத்தில் இருக்க வேண்டும், அதுவும் ஒருவரிடமல்ல, குழுவிடம்.

அந்தக் குழுவுக்கு இடம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். ஓப்பன் தமிழ், எழில், எழுதி ஆகிய மூன்றையும் டெபியன் தரத்துக்குக் கொண்டுவருவதும், அவற்றை ஆண்டுக்கு ஆண்டு அடுத்த அணியிடம் ஒப்படைப்பதும் அப்படிப்பட்ட செயற்றிட்டமாகலாம். விரிவுரையாளர்களே, இந்த ஆண்டுப் பட்டியலில் இதையும் ஒரு தலைப்பாகச் சேருங்கள். ஓப்பன் தமிழ் நூலகத்தின் பொதியிலிருந்து தொடங்குங்கள். மற்ற இரண்டும் அதன் மேல்தான் நிற்க முடியும்.