இறைவனைச் சுட்டும் பெயரும் வினைமுற்றும்

'இறைவன்', 'ஆண்டவன்' முதலிய பொதுச்சொற்களை விலக்கி 'அல்லாஹ்' என்ற திருநாமத்தை மட்டுமே எழுத்தில் ஆள வேண்டும் என்றொரு கருத்து நம்மிடையே அவ்வப்போது எழுவதுண்டு. கல்முனைக் கரையோரத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நாம் இக்கருத்தை ஏற்குமுன், உருது பேசுவோரிடை நிகழ்ந்த இத்தகைய விவாதத்தை நோக்குதல் பயனுடைத்து.

உருதுவில் இறைவனைக் குறிக்கும் 'குதா' பாரசீகச் சொல். இக்பால் 1935இல் வெளியிட்ட 'பாலே ஜிப்ரீல்' தொகுதியில் ஒரு கவிதையின் தலைப்பிலேயே அச்சொல் உண்டு. 1954இல் ஏற்கப்பட்ட பாகிஸ்தானின் தேசிய கீதத்து இறுதி அடியிலும் உண்டு. எனினும் 1980களிலிருந்து 'குதா ஹாபிஸ்' என்னும் விடைபெறும் சொல் 'அல்லாஹ் ஹாபிஸ்' என மாறலாயிற்று. 'குதா' எத்தெய்வத்துக்கும் பொருந்தும், 'அல்லாஹ்' குர்ஆனின் சொல் என்பது மாற்றியோர் கூறும் காரணம். ஆனால் அவர்களும் தொழுகையை 'நமாஸ்' என்றும் நோன்பை 'ரோஸா' என்றும் பாரசீகத்தாலேயே வழங்குகின்றனர். (நாமும் தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்றுதானே சொல்கிறோம்!) சீறாப்புராணத்தின் முதற்படலம் 'கடவுள் வாழ்த்துப் படலம்' எனப் பெயர் பெற்றதால் உமறுப்புலவரின் ஈமான் குறைந்துவிட்டதென எவரும் கூறார்.

உண்மையில், தமிழில் இப்பிரச்சினையின் உயிர்நிலை பெயரில் இல்லை, வினைமுற்றில் உள்ளது. 'அல்லாஹ் கூறுகின்றான்' என்கிறோம். 'நபியவர்கள் கூறினார்கள்' என்கிறோம். அடியாருக்குப் பன்மை, ஆண்டவனுக்கு ஒருமை. பிறமொழியாளர் ஒருவருக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். ஒருவனுக்குப் பன்மை பொருந்தாது, எனவே தவ்ஹீதே இதற்குக் காரணம் என்று பலர் விளக்குவர். இவ்விளக்கம் பாதியே உண்மை. குர்ஆனில் இறைவன் தன்னை 'நாம்' எனக் கூறுமிடங்கள் பல. தமிழ் மொழிபெயர்ப்புகளும் அதனை அவ்வாறே தருகின்றன. மேலும், ஏகத்துவத்தையே கொள்கையாகக் கொண்ட தமிழ்க் கிறிஸ்தவர் இறைவனை 'அவர்' என்றும் 'நீர்' என்றும் வழங்குகின்றனர். ஆகவே ஒருமைக்குக் கொள்கை மட்டும் காரணமாயின், அவர்களும் 'அவன்' என்றே சொல்லியிருத்தல் வேண்டும்.

'அவன்', 'நீ' என்பன ஆழ்வாரும் நாயன்மாரும் ஆண்ட வழக்கு. நெருக்கமும் உரிமையும் கலந்த அவ்வொருமையை முஸ்லிம் புலவர் தம் தாய்மொழியிலிருந்தே பெற்றனர். தாயுமானவரைப் போலவே குணங்குடி மஸ்தான் சாகிபும் (1792–1838) பராபரக்கண்ணி பாடியது இத்தொடர்ச்சிக்குச் சான்று. தவ்ஹீது அவ்வொருமைக்குப் புதியதோர் ஆழத்தைத் தந்தது, அதனைத் தோற்றுவிக்கவில்லை.

எனவே 'இறைவன்' என்பதை அகற்றினால் மரபு தூய்மை பெறும் என்பது மயக்கமே. அச்சொல்லின் ஈற்றிலுள்ள '-அன்' விகுதியே நாம் போற்றும் ஒருமையை உணர்த்தி நிற்கின்றது. 'கடவுள்' என்பதில் அவ்விகுதி இல்லை. 'கடவுளர்' எனப் பன்மையும் கொள்ளும். அச்சொல்லை நம்மவர் பேச்சில் தவிர்ப்பதற்கு இலக்கண நியாயமாவது உண்டு. 'இறைவன்', 'நாயன்' என்பவற்றை விலக்குவோர் அத்தகைய நியாயம் எதனையும் காட்டவில்லை.