குலை தள்ளிய வாசல்

கல்யாண வீட்டு வாசலின் இருபுறமும் குலை தள்ளிய வாழையைக் கட்டிவிட்டால் பாதி அலங்காரம் முடிந்தது. பச்சைத் தாரும் அதன் நுனியில் தொங்கும் கருஞ்சிவப்புப் பூவும் ஒரே மரத்தில் சேர்ந்து நிற்கும் அழகே தனி. பக்கத்தில் செவ்விளநீர், பாக்கு, ஈச்சங்குலைகள். மேலே மாவிலைத் தோரணம், நடுவே செவ்வந்திச் சரம்.

தென்னங்குருத்தின் வெளிர்மஞ்சள் ஓலையை மடித்துக் கிளியாக்கும் விரல்களை நாளெல்லாம் பார்த்திருக்கலாம். குருத்தோலை சீக்கிரம் வாடும். அதனால் முந்தின இரவு கண்விழித்துத்தான் பின்னுவார்கள்.

முகூர்த்தம் முடிந்தபின் தார் பழுக்கும், தண்டும் பூவும் பொரியலாகும், மட்டை பூக்கட்ட நாராகும், மிச்சம் மாட்டுக்கு. தோட்டத்திலிருந்து வந்தது வாசலை நிறைத்துவிட்டு வீட்டுக்கே திரும்புகிறது. மங்கலம் என்பதற்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை.